எல்லாச் சதிக்கும் ஒரே அளவு

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

கேட்டுவிட்டேன். கேட்கவே கூடாது என்று ஸ்றீட்கார் ட்ராமில் வழிநெடுகச் சொல்லித்தான் மனோரஞ்சிதம் என்னைக் கூட்டி வந்திருந்தாள். “சண்முகநாதன் அங்கிளிட்ட என்னத்தையும் கேளு கா. வயசக் கேளு, பிறசர் வருத்தத்தக் கேளு, மகன் ஏன் அஜக்சுக்கு ஓடினவன் எண்டும் கேளு. ‘எப்பிடித் தெரியும்’ எண்டு மட்டும் கேட்டிராத. நாட்டுப்பற்றுள்ள ஆம்பிளையளிட்ட அதக் கேட்டா, வேட்டி இறுக்கிக் கட்டியிருக்கோ எண்டு கேட்ட மாதிரி.”

சண்முகநாதன் மாஸ்ரர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் தொடப்போனவரின் முகம்தான் அது.

“எனக்கு எப்பிடித் தெரியும் எண்டோ கேக்கிறீர்?”

“ஓம், அங்கிள்.”

“தெரியும்.”

“அதுதான், எப்பிடி?”

“தெரிஞ்சபடியாத்தானே பிள்ளை சொல்லுறன். தெரியாட்டிச் சொல்லுவனோ?”

இந்த வகை நியாயத்துக்கு அளவையியலில் ஒரு பெயர் இருக்கிறது. பரீட்சையில் அதற்கு எனக்கு முழுப் புள்ளி கிடைத்தது. கனடாவில், இந்தப் பார்க்டேலில், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

என் பெயர் புனிதவதி. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். நான் படித்தது மெய்யியல். எது உண்மை, அது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்பதை வருடக்கணக்காகப் படித்துவிட்டு, ஸ்படைனாத் தெருவில் ஒரு தொழிற்சாலையில் குளிர்க்கோட்டுகளுக்குப் பொத்தான் தைக்கிறேன். துப்பறிவது உபதொழில். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் இடியப்ப உரல் காணாமற்போய், இரண்டு குடும்பம் ஒன்றையொன்று கள்ளர் என்று சொல்லிப் பேச்சை விட்டிருந்தது. மாப்பிள்ளை முகம் மழிக்கும் கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்திருந்த பொருள் அந்த உரல்தான் என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஆட்கள் தேடி வருகிறார்கள். மனோரஞ்சிதம் என் உதவியாள். அவளைக் கேட்டால் நான்தான் அவளுடைய உதவியாள் என்பாள்.

நாங்கள் இருந்தது மாஸ்ரர் வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்றில். அதுதான் பார்க்டேல் தமிழர் ஒற்றுமைச் சங்கத்தின் மண்டபம். மாஸ்ரரும் மனைவியும் தை மாதம் கனடாவுக்கு வந்தார்கள். மகன் வீட்டை அவர்களிடம் விட்டுவிட்டு தூரத்து ஊரான அஜக்சில் மலிவாக வேறொன்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். மாசியில் மாஸ்ரர் ஒற்றுமைச் சங்கத்தைத் தொடங்கினார். இப்போது, எண்பத்தைந்தாம் ஆண்டு வைகாசி முடிவதற்குள், அதிலிருந்து இரண்டு சங்கங்கள் பிரிந்திருந்தன.

வழக்கு இதுதான். வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் குஞ்சித்தம்பி, நாங்கள் விட்டு வந்த நாட்டின் எம்பசிக்கு உளவாளி. இன்று ஐந்து மணிக் கூட்டத்தில் அதை அறிவிப்பது. நாளைக் காலை அவரையும் நிறைமாத மனைவியையும் அறையை விட்டு எழுப்புவது. அறிவித்துவிட்டால் பார்க்டேலில் எந்தத் தமிழரும் அவர்களுக்கு ஓர் அறை கொடுக்கமாட்டார். என்னைக் கூப்பிட்டது விசாரிக்க அல்ல.

“படிச்ச பிள்ளை நீர்,” என்றார் மாஸ்ரர். “உம்மடை கொப்பர் சுருட்டுச் சுத்தி உம்மைப் படிப்பிச்சார். அதுக்கு ஒரு பலன் வேணும்தானே. கூட்டத்திலை எழும்பி, ‘நானும் விசாரிச்சன், உண்மைதான்’ எண்டு ஒரு வசனம் சொன்னால் காணும்.”

“விசாரிச்ச பிறகு சொல்லுறன்.”

“அதுக்குத்தான் நாலு மணிக்கு வரச் சொன்னனான். நீங்கள் மூண்டுக்கே வந்து நிக்கிறியள்.”

என் கை மணிக்கூட்டில் நாலரை ஆகப்போகிறது. சுவரில் மூன்றரை ஆகப்போகிறது. வாசலில் வந்து நின்றபோதே இந்தப் பேச்சு வந்தது. என் மணிக்கூடு பழஞ்சாமான் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் சாமான், நினைத்தபடி ஓடும். சுவரில் இருந்தது ஒரு முழ நீளப் பெட்டிக்குள் ஊசலாடும் பெரிய மணிக்கூடு. மாஸ்ரர் ஸ்ரேசன் மாஸ்ரராக ஓய்வு பெற்றபோது கொடுத்தது என்று பித்தளைத் தகடு சொன்னது. விமானத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். எந்த மணிக்கூட்டை நம்புவது என்பதில் ஒரு கேள்வியே இருக்கவில்லை. என்னுடையதைத் திருகி ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்டேன். மாஸ்ரர் திருப்தியாகத் தலையாட்டினார்.

“சரி, ஆதாரத்தைச் சொல்லுங்கோ.”

மாஸ்ரர் விரலை மடித்தார். “ஒண்டு. கூட்டம் அஞ்சு மணிக்கு. எல்லாரும் சரியா அஞ்சுக்கு வருகினம். உவன் மட்டும் நாலுக்கே வந்து தனிய இருக்கிறான். ஒவ்வொரு சனியும். தனிய இருந்து என்ன செய்யிறான்?”

“நீங்கள் கேக்கேல்லையோ?”

“உளவாளியிட்டைக் கேட்டால் சொல்லுவானோ? இரண்டு. இருந்துகொண்டு சுவர் மணிக்கூட்டைப் பாக்கிறான். பிறகு கையைப் பாக்கிறான். பிறகு சுவரை. ஆற்றையோ சிக்னலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறான். நான் முப்பது வருசம் ஸ்ரேசன் மாஸ்ரர், பிள்ளை. சிக்னலுக்குக் காத்திருக்கிறவன்ரை முகம் எனக்குத் தெரியாதோ?”

“மூண்டு?”

“மூண்டு, உவன் இப்பிடி முந்தி வரத் துவங்கின அதே கிழமை ரீவியிலை ஆறு மணிச் செய்தியை அஞ்சு மணிக்கு மாத்திப்போட்டாங்கள். எங்கடை சனம் வேலையாலை வந்து பாக்கக்கூடாதெண்டு. நாலு, அதே கிழமை டொக்டரிட்டை பத்து மணிக்குப் போனன். வாசல்லை இருக்கிறவள் ‘பிந்தி வந்திட்டாய்’ எண்டு திருப்பி அனுப்பிப்போட்டாள். நானோ பிந்தினனான்? ரயில் பிந்தும். ஸ்ரேசன் மாஸ்ரர் பிந்துவனோ?” குரல் தாழ்ந்தது. “எல்லாம் சித்திரைக் கடைசிக் கிழமை துவங்கினது. உது தற்செயல் எண்டு சொல்லுவீரோ?”

“அஞ்சாவதையும் சேருங்க, அங்கிள்,” என்றாள் மனோரஞ்சிதம். “ஆள் மட்டக்களப்பு.”

அவளும் மட்டக்களப்புத்தான்; வாய்க்கு வாய் ‘கா’ போடுவதிலேயே தெரியும். மட்டக்களப்பார் மந்திரம் செய்து ஆட்களைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் காலங்காலமாக ஒரு கதை. மாஸ்ரர் இருமினார்.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“எனக்கு ஒட்டத் தெரிஞ்சா, ஸ்றீட்கார் சீற்ல ஒரு நல்ல மாப்பிளைய எப்பவோ ஒட்டியிருப்பன் அங்கிள். இன்னும் நிண்டுகொண்டுதான் வாறன்.”

துப்பு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு மணித்தியாலத்தில் குஞ்சித்தம்பி என்ன செய்கிறார்? அதைப் பிடிக்க மேல்மாடிக்கு ஏறினோம்.

அறை தாழ்ந்த கூரைக்குக் கீழே இருந்தது. நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். குஞ்சித்தம்பியின் மனைவி கோணேஸ்வரி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் சட்டி பானைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் இன்னும் அவளிடம் எழும்பச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பேஸ்மென்றில் பேசுவது சூடு வரும் குழாய்க்குள்ளால் மேல்மாடி வரைக்கும் துல்லியமாக வருமாம். உளவு பார்க்க எம்பசி இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை.

“அவர் ஹோட்டல்ல கோப்பை கழுவுற,” என்றாள். “வேலை முடிஞ்சு நேர கூட்டத்துக்குத்தான் போற. எங்களுக்கு எந்தக் கட்சியும் இல்லக்கா. ஊர்ல கட்சி இல்லாததாலதான் எல்லாக் கட்சியிட்டயும் அடி வாங்கின.”

“ஏன் அவ்வளவு நேரத்தோட போறார்?”

“பிந்தப் பயம். சித்திரை மாசம் ஒரு திங்கக்கிழமை வேலைக்குப் பிந்திப் போய்ச் சரியான ஏச்சு வாங்கினவர். அதுக்குப் பிறகு சாப்பிடக்குள்ளயும் கையப் பாத்துப் பாத்துத்தான் சாப்பிடுற.” அவள் ஒரு மூடியைத் தவறான பானையில் வைத்தாள். “இந்த வயித்தப் பாத்து ஆர் அறை தருவாங்க? உளவாளிட பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஆர் விடுவாங்க?”

என் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒரு கறுப்பு நூலில் என் அறைச் சாவி தொங்கியது. மனோரஞ்சிதமும் நானும் எடுத்த அபார்ட்மென்றில் ஆளுக்கொரு அறை. பிறந்ததிலிருந்து எனக்கென்று கதவும் பூட்டும் உள்ள முதல் இடம் அது. நான் அந்தச் சாவியைத் தாலி மாதிரிக் கட்டிக்கொண்டு திரிவதாக மனோரஞ்சிதம் நக்கலடிப்பாள். உண்மைதான். தாலியைக் காட்டிலும் அது பிரயோசனமானது.

கீழே இறங்கினோம். மாஸ்ரர் கூட்டத்துக்கு உடுப்பு மாற்றப் போயிருந்தார். வீட்டுக்குச் சூடு கொடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டோம். ஒருவர் மட்டும் ஒளிக்கக்கூடிய இடம். மனோரஞ்சிதத்தின் முழங்கை என் விலாவில் இருந்தது.

“படத்தில துப்பறியிற ஆக்கள் உசரமான கட்டடத்தில இருந்து பாப்பாங்க கா.”

“சத்தம் போடாதை.”

“பக்கத்தில சிகரட்டோட ஒரு ஆம்பிளையும் நிப்பான்.”

சுவர் மணிக்கூடு நாலு அடித்தது. கடைசி அடி ஓயமுன்னமே படியில் காலடி கேட்டது. குஞ்சித்தம்பி வந்தார். முப்பது வயதிருக்கும், சவர்க்கார நீரில் ஊறி வெளிறிய கைகள். மண்டபம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. சுவரில் சாத்தியிருந்த மடக்குக் கதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்து வரிசையாக வைத்தார். கடைசி வரிசையில் ஓரமாக ஒன்றில் உட்கார்ந்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கையைப் பார்த்தார். திரும்பச் சுவரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“சிக்னல் வந்திட்டுது,” என்று என் காதுக்குள் சொன்ன மனோரஞ்சிதம், பெரிதாக ஒரு தும்மல் தும்மினாள்.

வெளியே வந்தோம். தலையெல்லாம் தூசி. குஞ்சித்தம்பி எழுந்து நின்று, எங்களுக்கு இரண்டு கதிரையை இழுத்துப் போட்டார்.

“அண்ணை, ஏன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மணித்தியாலம் முந்தி வாறியள்?”

“முந்தியா? நான் அஞ்சுக்குத்தானே தங்கச்சி வாற.” கையை நீட்டினார். அவருடைய மணிக்கூட்டில் ஐந்து.

“சுவரிலை நாலு. என்ரை கையிலை நாலு. மாஸ்ரற்றை கையிலையும் நாலுதான் இருக்கும். மூண்டுக்கு ஒண்டு, அண்ணை.”

“பொறு,” என்றாள் மனோரஞ்சிதம். “உன்ட மணிக்கூட்ட எதப் பாத்துத் திருப்பின?”

“சுவரைப் பாத்து.”

“மாஸ்ரர் தன்ட மணிக்கூட்ட எதப் பாத்து வைக்கிற?”

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.

“அப்ப மூண்டு சாட்சியில்ல கா. ஒரு சாட்சியும் ரெண்டு கிளிப்பிள்ளையும்.”

சித்திரைக் கடைசி. கனடாவில் சித்திரை, அதாவது ஏப்ரல், கடைசி ஞாயிறு எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். கோடை முடியும்வரை அப்படியே ஓடி, ஐப்பசியில் திரும்பப் பின்னுக்கு வரும். தொழிற்சாலையில் சொன்னபடி நானே என் கையால் தள்ளினேன். ஒரு பித்தளைத் தகட்டைக் கண்டதும் தள்ளியதைத் திரும்ப இழுத்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிளாஸ்ரிக் சாமானைக் கழற்றி எறியலாம்போல் இருந்தது. ஆனால் பிழை அதில் இல்லை. அந்த அறையிலேயே குஞ்சித்தம்பியின் மணிக்கூட்டுக்கு அடுத்ததாகச் சரியாக இருந்தது அதுதான், நான் கை வைக்கும் வரை.

“நீங்கள் ஏன் சொல்லேல்லை, அண்ணை?”

“ஒருக்கா, ‘ஐயா, அந்த மணிக்கூடு’ எண்டு தொடங்கின. ‘முப்பது வருசத்தில ஒருக்காலும் பிழைச்சதில்ல’ எண்டு சொன்னார். மறுகா யோசிச்சன், இது சங்கத்திட கொள்கையா இரிக்கும் எண்டு. கனடாக்காரன் மாத்தின நேரத்த நாங்க ஏற்கமாட்டம் எண்ட மாதிரி. இஞ்ச எல்லாத்துக்கும் ஒரு கொள்கை இரிக்குதானே.”

“அப்பிடியெண்டால் சங்கத்தின்ரை நேரத்துக்கு வந்திருக்கலாமே?”

“திடீரெண்டு கொள்கை மாறினா? நான் வாடகைக்கு இரிக்கிற ஆள், தங்கச்சி.”

மாஸ்ரர் மடித்த விரல்களை என் மனம் ஒவ்வொன்றாக விரித்தது. குஞ்சித்தம்பி ஒரு மணித்தியாலம் முந்தி. செய்தி ஒரு மணித்தியாலம் முந்தி. மாஸ்ரர் டொக்டரிடம் போனது ஒரு மணித்தியாலம் பிந்தி. சதிகாரர்கள் வேறு வேறாக இருக்கலாம். சதிக்கெல்லாம் ஒரே அளவு. ஒரே தையற்காரன் வெட்டிய துணி. எல்லாம் ஒரே கிழமையில் தொடங்கியது தற்செயல் அல்ல என்று மாஸ்ரர் சொன்னாரே, அதில் மட்டும் அவர் நூற்றுக்கு நூறு சரி.

ஒன்று மிச்சமிருந்தது. ஒரே வீட்டில் இருக்கும் மாஸ்ரர் மனைவிக்குமா தெரியாது? குசினிக்குப் போனேன். யோகராணி அன்ரி றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பதித்திருந்த மணிக்கூட்டில் ஐந்தேகால்.

“அன்ரி, மேலை அஞ்சேகால். கீழை நாலேகால்.”

“ஓம், பிள்ளை. படி இறங்கினால் அவற்றை நேரம்.” எண்ணெயிலிருந்து ஒரு றோல்ஸைத் தூக்கி வடியவிட்டார். “மகன் வந்து உதை மாத்தி வைச்சிட்டுப் போனவன். இவர் குசினிக்குள்ளை கால் வைக்கமாட்டார். அடுப்பிலை மணிக்கூடு இருக்கெண்டும் தெரியாது.”

“நீங்கள் சொல்லேல்லையோ?”

“கலியாணம் முடிச்ச நாள் தொட்டு, சாப்பாடு பிந்துது எண்டுதான் இந்த மனிசன் கத்திறது. ஒரு மாதமா எட்டு மணிக்குக் குடுக்கிறன், ஏழுக்கே தந்திட்டன் எண்டு சந்தோசமாச் சாப்பிடுது. அதைக் கெடுக்கச் சொல்லுறீரோ?”

மனோரஞ்சிதம் ஒரு றோல்ஸை எடுத்தாள். “வேணாம் அன்ரி. நாட்டுக்கு நல்லதில்ல.”

அவள் கடித்துக்கொண்டிருந்த நேரம் நான் மட்டும் மேல்மாடிக்கு ஒருமுறை ஓடிப்போய் வந்தேன். கோணேஸ்வரியிடம் இரண்டு வார்த்தை பேச இருந்தது.

அடுப்பில் ஆறு மணியாகும்போது சனம் வரத் தொடங்கியது. கனடாவுக்கு வந்து முதல் இரண்டு வருடம் எங்கள் ஆட்கள் வைகாசியிலும் ஸ்வெற்றரைக் கழற்றுவதில்லை. பேஸ்மென்ற் கம்பளி மணத்தால் நிறைந்தது. சுவர் மணிக்கூடு ஐந்து அடித்தது. மாஸ்ரர் எழுந்தார். முகத்தில் ஒளி.

“அஞ்சு மணிக் கூட்டத்துக்கு அஞ்சு மணிக்கு வந்திருக்கிறியள். சித்திரைக் கடைசிச் சனி நான் நேரந் தவறாமையைப் பற்றிப் பேசினன். அண்டையிலிருந்து ஒருத்தரும் பிந்தினதில்லை. இந்த ஒழுக்கம் இருந்தால் எங்கடை இனத்தை ஒருத்தரும் அசைக்கேலாது.”

ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குக் கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. நான் எழுந்தேன்.

“விசாரணை முடிஞ்சுது, அங்கிள். அதுக்கு முதல் ஒரு சின்னக் கேள்வி. மகேஸ்வரன் அண்ணை, இப்ப நேரம் என்ன?”

மகேஸ்வரன் உப தலைவர். கார்ப் புகைக்குழாய் செய்யும் தொழிற்சாலையில், வந்த நேரமும் போன நேரமும் கார்ட்டில் அடித்துவிட்டு வேலை செய்பவர். அவர் சுவரைக் காட்டினார். “அஞ்சு.”

“சுவரிலை இல்லை. கையிலை.”

மகேஸ்வரனின் இடது கை ஸ்வெற்றருக்குள் ஆமைத் தலை மாதிரி உள்ளே போனது. எனக்குப் பின்னால் ஒரு சரசரப்பு. திரும்பிப் பார்த்தேன். மண்டபம் முழுக்க ஒரு மணிக்கட்டும் வெளியே இல்லை.

“அகஸ்ரின் அண்ணை, நீங்கள் ரக்ஸி ஓடுறனீங்கள். உங்களுக்கும் தெரியாதோ?”

“பிள்ளை, நான் ரோட்டைப் பாத்துத்தான் ஓடுறது,” என்றார் செயலாளர் அகஸ்ரின்.

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். சித்திரைக் கடைசி ஞாயிறு, முன்னுக்குப் போன நாடு, நின்ற இடத்திலேயே நின்ற மணிக்கூடு, செய்தி, டொக்டர். கூட்டத்துக்கு எப்போதும் ஒரு மணித்தியாலம் பிந்தி ஆறுக்கு வரும் சனம், இந்த மணிக்கூட்டின் புண்ணியத்தில் ஐந்துக்கு வந்துவிட்டது. உண்மையாகவே ஐந்துக்கு வந்த ஒரே மனிதர் நாலுக்கு வந்து உளவாளியாகிவிட்டார். “இஞ்சை ஒரு சதி இருக்குதுதான், அங்கிள். குஞ்சித்தம்பி அண்ணையைத் தவிர எல்லாரும் அதுக்குள்ளை இருக்கினம். மணிக்கூடு பிழையெண்டு எல்லாருக்கும் தெரியும். சொன்னால் தாங்கள் பிந்தி வாறது தெரிஞ்சுபோம்.”

அகஸ்ரின் மெல்லச் சொன்னார்: “நாங்கள் வெட்கப்படக் கூடாதெண்டு மாஸ்ரர்தான் பெருந்தன்மையாப் பின்னுக்கு விட்டிருக்கிறார் எண்டு நினைச்சம்.”

மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்தார். பித்தளைத் தகட்டைப் பார்த்தார். முப்பது வருடம் பச்சைக் கொடி காட்டிய கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்தக் கணத்தில் அவர் ‘பிழைச்சுப்போச்சு’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நானே அவருக்கு ஒரு றோல்ஸ் கொண்டுவந்து கொடுத்திருப்பேன்.

அவரைக் காப்பாற்றியது மகேஸ்வரன்.

“மாஸ்ரர், ஒரு நிமிசம். இந்தப் பிள்ளை சொல்லுறது சரியெண்டே வைப்பம். அரசாங்கம் ஆருக்கும் தெரியாமல் ஒரு ஞாயிறு விடியக்காலமை நேரத்தை மாத்தியிருக்குது. ஸ்ரேசன் மாஸ்ரர், உங்களுக்கே தெரியாது. உப தலைவர், எனக்குத் தெரியாது. செயலாளருக்குத் தெரியாது. கோப்பை கழுவுற குஞ்சித்தம்பிக்கு மட்டும் தெரிஞ்சிருக்குது.” அவர் சபையைச் சுற்றிப் பார்த்தார். “அரசாங்கத்தின்ரை விசயம் உவனுக்கு எப்பிடித் தெரியும்?”

மண்டபத்தில் காற்று மாறியதை உணர்ந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். நிம்மதி. கேட்கக்கூடாத கேள்வியை இரண்டு மணித்தியாலமாகக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தது நான். அதை இந்த மனிதன் எடுத்து, திருப்பிப் பிடித்து, குஞ்சித்தம்பியின் நெஞ்சில் வைத்துவிட்டான்.

“அதானே,” என்றார் அகஸ்ரின்.

“எங்கட ஹோட்டல் கிச்சின்ல எழுதிப் போட்டிருந்தாங்க,” என்றார் குஞ்சித்தம்பி எழுந்து நின்று.

“ஆர் எழுதிப் போட்டது?”

“தெரியாதுங்க.”

“பாத்தியளோ?” என்றார் மகேஸ்வரன். “ஆரெண்டும் சொல்லுறான் இல்லை.”

மாஸ்ரரின் முதுகு மறுபடி நேரானது. நிறம் திரும்பியது. “நான் அப்பவே சொன்னனான். எல்லாம் ஒரே கிழமை எண்டு. சரி, ஜனநாயக முறைப்படி செய்வம். அரசாங்க ரகசியம் தெரிஞ்ச ஆளை இந்த வீட்டிலை வைச்சிருக்கேலாது எண்ட தீர்மானத்துக்கு ஆதரவானவை கையை உயர்த்துங்கோ.”

கைகள் உயர்ந்தன. முன்வரிசை, நடுவரிசை, படியில் நின்றவர்கள். கைகள் உயர, ஸ்வெற்றர்கள் முழங்கைக்கு வழுகின. ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு மணிக்கூடு. தங்கப்பட்டி, தோற்பட்டி, றப்பர்ப்பட்டி. எல்லாவற்றிலும் ஆறு இருபது.

சுவரில் ஐந்து இருபது.

மனோரஞ்சிதத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வாயில் இருந்த றோல்ஸ் தொண்டையில் சிக்கி, அவளுடைய முதுகில் நான் குத்தவேண்டி வந்தது. உயர்ந்த கைகளை மாஸ்ரர் பார்த்துக்கொண்டே நின்றார். மணிக்கூடுகளை அவர் பார்த்தாரா? அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

“நிறைவேறியாச்சு,” என்றார். “பிள்ளை, இப்ப அந்த வசனத்தைச் சொல்லும்.”

“சொல்லுறன்.” சபைப் பக்கம் திரும்பினேன். “நானும் விசாரிச்சன். இந்தச் சங்கத்திலை ஒரே ஒரு ஆள்தான் நேரத்துக்கு வந்தவர்.”

கைப்பையை எடுத்தேன். மனோரஞ்சிதம் என் கழுத்தையே உற்றுப் பார்த்தாள்.

“சாவி எங்க?”

“கோணேஸ்வரியிட்டை.”

“எப்ப குடுத்த?”

“கூட்டம் துவங்க முதல். நீ றோல்ஸ் தின்னேக்கை.”

“அப்ப இது இப்பிடித்தான் முடியும் எண்டு தெரிஞ்சுகொண்டா இவ்வளவும் கத்தின?”

“நான் நினைச்சது பிழைச்சால் நல்லம் எண்டு பாத்தன்.”

“நீ எங்க படுக்கப் போறா?”

“உன்ரை அறையிலை.”

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா கா?” அவள் கடைசித் துண்டு றோல்ஸை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள். “ஒரு கூட்டமாவது வச்சிருக்கலாம்.”

மேலே வாசற் பக்கத்தில் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கோணேஸ்வரி தயார். சூட்டுக் குழாய்க்குள்ளால் தீர்மானம் அவளுக்கு முதலே போய்ச் சேர்ந்திருக்கும்.

“அண்ணை, வாங்கோ,” என்றேன்.

குஞ்சித்தம்பி படி வரைக்கும் வந்தார். பிறகு நின்று, மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். உயர்த்திய கைகளை இறக்கிவிட்டு, ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“தங்கச்சி, கூட்டம் முடிய இந்தக் கதிரையெல்லாம் நான்தான் மடிச்சு வைக்கிற.”

“விடுங்கோ, அண்ணை,” என்றேன், படியேறிக்கொண்டே. “பிந்தி வந்தவை மடிக்கட்டும்.”